சுத்தமாக வைத்திருங்கள்

பழுப்பேறிய காகித உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளே ஒற்றை நெற்கதிர். கருத்த உமி, ஒவ்வொரு மணியின் நுனியிலும் நீண்ட வால். நசுக்கிப் பார்த்தால் அரிசி இராது. பால் பிடிக்கும் முன்பே வேரோடு பிடுங்கப்பட்ட பயிரின் கதிர் அது. உறையின்மேல் என் இளவயதுக் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் உறையைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

எழுபதுகளில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படும் வேலை அது. ஆபீசரின் ஒரு கையெழுத்தில் நிற்பது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதனாலேயே எங்கள் எல்லாருக்கும் அவரிடம் பயம். தமிழும் மலையாளமும் புழங்கும் எலப்புள்ளிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் தலைமுறைகளாகத் தங்கள் விதையையே எடுத்து விதைத்துவந்தது. அந்த நெல்லுக்குத் தனிப்பெயர் கிடையாது. ‘எங்க ஊட்டு நெல்லு’ என்பார்கள். சுற்றிலும் புதிய குட்டை ரகம் வந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டு அதில், தூரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி இறங்கி, வயல்கள் வட்ட வட்டமாகத் தீய்ந்துகொண்டிருந்தன. நெருப்பில்லாமல் கருகும் பயிரைப் பார்த்து ஊரே கிலி பிடித்துக் கிடந்தது. ஊட்டு நெல் இருந்த கடைசி வயல் மட்டும் பச்சையாக நின்றது. அந்த ஒரு வயலுக்குள் எத்தனை விதப் பயிர்கள் கலந்து நிற்கின்றன, எது பூச்சியைத் தாங்குகிறது என்று கணக்கெடுத்து, முற்றியதும் விதையைத் தனித்தனியே சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

வயலைப் பார்த்துக்கொள்ள, நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்ணைத் தினக்கூலிக்கு வைத்திருந்தோம். நான் அவரை அக்கா என்று அழைப்பேன். குனிந்த தலை நிமிராமல் களை எடுத்தபடியே ஊர்க்கதை அத்தனையும் சொல்லிச் சிரிப்பார். என் குடை அவருக்கு ஓயாத வேடிக்கை. “அம்மிணி கறுத்துப்போனா ஆபீசுல சம்பளம் கொறைப்பாங்களா?” என்பார்.

வாரத்துக்கு ஒருநாள்தான் நான் அங்கே போவேன். ஒருமுறை, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், அடுத்த வாரம் ஆபீசர் கணக்கெடுக்க வருகிறார் என்று சொல்லிவிட்டு, “வயலைச் சுத்தமா வச்சிருங்க அக்கா” என்றேன். நான் நினைத்தது களையை.

அடுத்த வாரம் வரப்பேறிப் பார்த்தேன். வயல் சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒரே உயரத்தில் நின்றது. நெட்டைப் பயிர், சிவந்த தண்டு, கருத்த உமி, வால்நெல், ஒன்றுமில்லை. எல்லாம் வரப்போரம் குவியலாக வாடிக்கொண்டிருந்தன. விதைக்கு விடும் வயலில், கதிர் வெளிவந்ததும் மாறாகத் தெரியும் பயிரைப் பிடுங்கி எறிவார்கள். கலப்பில்லாத வயலே அங்கே சுத்தமான வயல். இந்தக் குடும்பம் அதைச் செய்யாமல் விட்டதால்தான் அத்தனை வகையும் அதில் தங்கியிருந்தன. இதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆபீசர் மதியப் பேருந்தில் வருவார். பிடுங்கியதைத் திரும்பச் சேற்றில் ஊன்றிவிடலாமா என்று கேட்டேன். “வாடினதை ஊனி வச்சா அவுருக்குக் கண்ணு தெரியாதுங்களா?” என்று சிரித்த அக்கா, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “நாஞ் செஞ்சது தப்புங்களா?” நாங்கள் எதை எண்ண வந்தோம் என்பதை அப்போதுதான் முதன்முறையாக அவருக்குச் சொன்னேன். அவர் குவியலருகே அமர்ந்து, பயிரை வகை வகையாகப் பிரிக்கத் தொடங்கினார். எது எந்த வரிசையில் நின்றது என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

ஆபீசர் வந்தார். வயலைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பிடுங்கச் சொன்னது யார் என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான்.

“ஆரும் சொல்லலீங்க. கலப்புப் பயிரைக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காதுங்க.”

நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்பது மட்டும் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது.

மாலைவரை மூவரும் வாடிய பயிரை அளந்தோம். பதினோரு வகை. கருத்த வால்நெல்லை எடுத்தபோது அக்கா, “இதோட தூர்ல மட்டும் பூச்சியே இல்லீங்க. புடுங்கறப்பவே பாத்தேன்” என்றார். ஆபீசர் அந்தக் கதிரை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். கணக்கு கிடைத்துவிட்டது, விதை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே வயலில் தேடினோம். அந்தக் கருநெல் முளைக்கவே இல்லை. பயிரை அளந்த அன்றே, அந்தக் கதிரை இட்ட உறையின்மேல் ஆபீசர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘கூலியாளின் தவற்றால் பிடுங்கப்பட்டது.’ ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன்.

அக்காவை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். என் வேலை புதுப்பிக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டேன். அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார், இடுப்பில் அரிவாள். பயத்தில் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டேன். குடையை வைத்தே என்னை அடையாளம் கண்டுவிட்டார். “இப்பெல்லாம் ஆராச்சும் சுத்தம்னு சொன்னா, எந்தச் சுத்தமுங்கன்னு கேட்டுக்கறேனுங்க அம்மிணி” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

பிறகு எத்தனையோ ஆண்டுகள் விதைகளோடுதான் கழிந்தன. ஆயிரக்கணக்கான உறைகளின்மேல் ஊர், நாள், நிறம், உயரம் என்று எழுதினேன். ஒவ்வொரு வயலிலும், வேலையாட்களிடம் சொன்னதையே மூன்றுமுறை திருப்பிச் சொல்லச் செய்தேன். பொறுமைசாலி என்று எனக்குப் பெயர் கிடைத்தது. அது பொறுமையல்ல, பயம்.

இன்று காலை அந்த உறையை மேசைமேல் வைத்து, பழைய வரியின்மேல் ஒரு கோடு இழுத்தேன். கீழே எழுதினேன்: ‘பிடுங்கச் சொன்னது நான்.’ மூன்றே சொற்கள். மை காய்ந்த பின்னும் உறையைக் கவிழ்த்து வைக்கவில்லை.