ஆச்சிக்கு மாப்பிள்ளை

காரைக்குடியில் எங்கள் இரும்புக்கடை மாடியில் உட்கார்ந்துதான் என் முதல் டெலிவிஷன் நகைச்சுவை நாடகத்தை எழுதினேன். எழுபதுகளின் நடுப்பகுதி. மெட்ராஸில் டெலிவிஷன் வந்த புதிது. எங்கள் ஊரில் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. நாடகத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்து தகவல் வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பச்சி மட்டும் அசையவில்லை.

"ஆளுக சிரிச்சா எழுது. சிரிக்கலைன்னா பேசாம கடையில வந்து உக்காரு."

என் அப்பாவின் தீர்ப்பு அவ்வளவுதான். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கதை எங்கள் வீட்டுக் கதைதான். எங்களில் அக்காவை ஆச்சி என்போம். என் ஆச்சியைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்த கூத்தை அப்படியே எழுதியிருந்தேன்.

ஒளிபரப்பு நாளன்று ஸ்டுடியோவுக்குள் ஓடினேன். பெண்ணின் நாற்காலியில், தலை நரைத்த, பல் போன ஒரு நடிகை பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். தயாரிப்பாளரைப் பிடித்துக்கொண்டேன்.

"இவங்க யாரு சார்?"

"ஆச்சி! நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஆச்சின்னா பாட்டிதானே?" என்றார் தயாரிப்பாளர்.

நேரடி ஒளிபரப்பு, வேறு ஆள் தேட நேரமில்லை. இரும்புக்கடைதான் கதி என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் ஒத்திகைக்காக, "மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிச்சிருக்காமா?" என்று தலைகுனிந்து வெட்கப்பட்டார். லைட் போடுகிறவர் குபீரென்று சிரித்துவிட்டார். எனக்குப் பொறி தட்டியது. "ஒரு வரிகூட மாத்தாதீங்க சார்!" என்று கத்தினேன்.

அன்று கேமராக்காரர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் படம் பிடித்தார். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை!

ஊர் திரும்பியதும் நேரே சாப்பாட்டில் உட்கார்ந்தேன். புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த ஆச்சி பரிமாறிக்கொண்டே ஆசையாகக் கேட்டாள்.

"என் வேசம் கட்டுன புள்ள எப்புடிடா இருந்தா? அழகா இருந்தாளா?"

"ரொம்ப அழகா இருந்தாக ஆச்சி. எம்புட்டு வெக்கப்பட்டாக தெரியுமா!"

"சின்னப் புள்ளைக்கு எதுக்குடா இம்புட்டு மரியாதை?"

"எழுபது வயசுக்காரகள வேற எப்புடிச் சொல்றது?"

எதிர் இலையில் அப்பச்சிக்குப் புரையேறியது. என்னை அடிப்பதா, அவர் தலையில் தட்டுவதா என்று தெரியாமல் ஆச்சி கரண்டியோடு நின்றாள். கண்ணில் நீர் வழியச் சிரித்து முடித்து, அப்பச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, கடைக்கு வேற ஆளு பாத்துக்கிறேன்" என்றார்.