இலவச டிக்கெட்டில் வந்து இறங்கியவர்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், கோவை பீளமேடு விமான நிலையத்தில் நடந்தது இது.

அப்போது நான் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நூல் மாதிரிகளோடு பம்பாய்க்குப் போக வேண்டியிருக்கும். அவசரமென்றால் விமானத்தில் அனுப்புவார்கள். அப்படிப் போனபோது விமான நிறுவனத்தில் ஓர் உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பாயிண்ட் சேருமாம். போதுமான அளவு சேர்ந்தால் வீட்டில் ஒருவருக்கு இலவச டிக்கெட்டாம்.

வாராவாரம் பறக்கிற முதலாளிகளுக்கு இது சுலபம். என்னைப் போல எப்போதாவது போகிறவர்களுக்குப் புது பாயிண்ட் ஒரு பக்கம் சேரும்போதே பழையது இன்னொரு பக்கம் காலாவதியாகிவிடும். ஒருமுறை பாயிண்ட் கணக்கில் ஏறவில்லை. போர்டிங் பாஸ் துண்டைத் தபாலில் அனுப்பி, சண்டை பிடித்து வாங்கினேன். என் கணவர் பாலிடெக்னிக்கில் ஆசிரியர். கேலிக்குக் கேட்க வேண்டுமா? "ரேஷன் கடையில பாயிண்ட் குடுக்கறாங்கன்னா உங்கம்மா சக்கரைய வேண்டாம்னுட்டு அதைய வாங்கிட்டு வந்துருவா கண்ணு" என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரிப்பார்.

நான் பாடுபட்டதே அந்த மகளுக்காகத்தான். எங்களுக்கு ஒரே பெண். பம்பாயில் விடுதியில் தங்கி மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் தனியாக ரயிலில் வருகிறாள் என்றால், வந்து சேரும் வரை எனக்குச் சோறு இறங்காது. எந்த ஸ்டேஷனில் இறங்கித் தண்ணீர் பிடிக்கிறாளோ, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்றே மனம் ஓடும். ஒரே ஒரு தடவையாவது அவள் விமானத்தில் ஏறி உட்கார்ந்து பத்திரமாக வந்து இறங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஒருவழியாகப் பாயிண்ட் சேர்ந்தது. தீபாவளியை ஒட்டிய நாட்களில் இலவச டிக்கெட் செல்லாது என்றார்கள். முந்தைய வாரத்தில் ஒரு பிற்பகல் விமானத்தில் கிடைத்த இடத்தைப் பிடித்து, டிக்கெட்டைக் கூரியரில் அவளுக்கு அனுப்பிவைத்தேன்.

அன்று நானும் கணவரும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் காத்திருந்தோம். விமானம் சரியான நேரத்துக்கே வந்தது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கூட்டம் கலைந்தது. எங்கள் பெண் வரவில்லை.

"பெட்டி வர லேட்டாகும், இரு" என்றார் கணவர். இருந்தோம். கடைசியில் விமான நிறுவனத்தின் கவுன்டருக்குப் போய்ப் பெயரைச் சொன்னேன். அங்கிருந்த இளைஞர் பார்த்துவிட்டு, "ஏறியிருக்காங்களே மேடம். போர்டிங் பாஸ் வாங்கியிருக்காங்க" என்றார்.

"இறங்கலீங்களே தம்பி?"

அவர் முகம் மாறியது. உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். "ப்ளேன்ல யாரும் இல்லீங்க. நடுவுல எங்கயும் நிக்கவும் இல்லீங்க" என்றார்.

பம்பாயில் ஏறியிருக்கிறாள். கோவையில் இறங்கவில்லை. அப்படியென்றால் என் குழந்தை எங்கே? எப்போதும் கேலி பேசுகிற மனிதர், கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை நல்லாப் பாருங்க தம்பி" என்று கெஞ்சினார்.

அப்போதுதான் கதவுக்கு உள்ளே அந்தப் பையைப் பார்த்தேன். நீலப் பை. அடையாளத்துக்காக என் பழைய சேலையின் அரக்குக் கரையைக் கிழித்து அதன் கைப்பிடியில் நானே சுற்றியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர் என் வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். தலை கலைந்திருந்தது. பணிப்பெண் ஒருத்தி அவரைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்தாள்.

ஓடிப்போய்ப் பையைப் பற்றினேன். "இது எம் புள்ளையோட பை. அவ எங்க? சொல்லுங்க, அவ எங்க?" நான் போட்ட கூச்சலில் டாக்சிக்காரர்கள் கூட ஓடி வந்துவிட்டார்கள்.

அந்த அம்மாள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் அம்மாங்களா? புள்ள நல்லாருக்குதுங்க. பம்பாயிலயேதான் இருக்குது. அதோட டிக்கெட்டுல நான் வந்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதார்.

அவருக்கு ஊர் அந்தியூர். பம்பாயில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். மகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பிப் போனவருக்கு, அன்று காலை போன் வந்திருக்கிறது. குறைப்பிரசவம். குழந்தை பிழைத்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று. தம்பி அவரை விமான நிலையத்துக்குக் கூட்டி வந்து கெஞ்சியிருக்கிறார். இடமே இல்லை. வரிசையில் பின்னால் நின்ற என் பெண், நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் தன் டிக்கெட்டை நீட்டிவிட்டாள்.

அப்போதெல்லாம் உள்நாட்டு விமானத்தில் அடையாள அட்டை கேட்கிற வழக்கம் இல்லை. டிக்கெட்டில் பெண் பெயர், வந்து நிற்பதும் பெண்; அவ்வளவுதான் பார்த்தார்கள்.

"பையக் கண்டா அம்மா நம்பிருவாங்கன்னு புள்ளதாங்க குடுத்துவிட்டுது. ஊட்டுக்குப் போன் போட்டுதுங்க, யாரும் எடுக்கலியாம். நாளைக்கு ரயில் ஏறி வாரேன்னு சொல்லச் சொல்லுச்சுங்க. இங்க எறங்குனதும் எனக்குத் தலை சுத்திப்போட்டுது. உள்ளயே உக்காந்துட்டனுங்க."

ரயில்! எதற்குப் பயந்து அத்தனை பாடுபட்டேனோ, அதிலேயே வருகிறாள். கோபமா, நிம்மதியா, எதுவென்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு அழைத்துப்போக ஆள் யாரும் வந்திருக்கவில்லை. எல்லாரும் ஆஸ்பத்திரியில். டாக்சியில் ஏற்றி நாங்களே கொண்டுபோனோம். வழியெல்லாம் ஒரு கையால் என் கையையும் மறுகையால் என் மகளின் பையையும் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே விட்டார்கள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கட்டிலில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நினைவு இருந்தது. அம்மாவைக் கண்டதும் அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மாள் அவள் நெற்றியில் கையை வைத்து, "வந்துட்டன் கண்ணு, வந்துட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள்.

வீடு திரும்பியதும் போன் மணி அடித்தது. மகள்தான். நான் திட்ட வாயெடுப்பதற்குள், "ஓசி டிக்கெட்தானேம்மா, கோவிச்சுக்காதே" என்றாள். ரிசீவரைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் போன செய்தியை நாங்கள் இருவரும் சொல்லவில்லை. தனியாக ரயிலில் வரும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் கோவை ஜங்ஷனில், பெண்கள் பெட்டியிலிருந்து கசங்கிய உடையோடு இறங்கியவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்களா? புள்ளையைப் பாத்துட்டாங்களா?" என்பதுதான்.

"பாத்துட்டாங்க கண்ணு" என்றேன். மீதியைச் சில நாள் கழித்துத்தான் சொன்னேன்.

அதன் பிறகும் வேலைக்காகப் பறந்தேன், பாயிண்டும் சேர்ந்தது. எது காலாவதியாகிறது என்று நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஏறியவள் இறங்கவில்லை என்று கேட்ட அந்தக் கணம் இன்றும் சில இரவுகளில் என்னை உலுக்கி எழுப்புகிறது. ஆனால் அன்று என் மகள் அந்த விமானத்தில் வந்து இறங்கியிருந்தால், இன்னொரு தாயின் மகள் கதவையே பார்த்தபடி போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் மறுபடியும் கண்ணை மூடுகிறேன்.