கூரை தட்டிய வேட்பாளர்

கடந்த சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதி வேட்பாளர்களில், மனுவில் தொழில் என்ற இடத்தில் 'சுரங்கம்' என்று எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு மூன்று கல்குவாரிகள் இருந்தன. இன்னொருவருக்கு இருமல் இருந்தது. இருமல்காரரின் எலெக்ஷன் ஏஜென்ட் நான், ஷாகுல் ஹமீது. பம்பாய் சீத்தா கேம்பில் பேக் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். ஒழுங்காக அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் பெயர் இசக்கிதுரை, எங்களுக்கு அண்ணாச்சி. நாங்குநேரிப் பக்கத்து ஆள். சந்திரபூர் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தார். கரி வெட்டவில்லை, கூரை தட்டினார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் முதலில் இறங்குகிற ஆள் அவர்தான். அதிர்வு தெரிவதற்காக இடது உள்ளங்கையைச் சுரங்கக் கூரையில் அழுத்தி வைத்துக்கொண்டு வலது கைக் கம்பியால் பக்கத்தில் தட்டுவார். கணீரென்று கேட்டால் மற்றவர்கள் உள்ளே வரலாம். பொத்தென்று கேட்டால் மேனேஜரே வந்து கத்தினாலும் வரக் கூடாது. அங்கே அதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லையாம். அந்த மரியாதையிலேயே பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு, அப்படி ஒரு மரியாதை வெளியுலகத்திலும் உண்டு என்று நம்பி பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்.

வீடு எங்கள் தெருவிலேயே; பக்கத்து மான்குர்டில் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற கடை போட்டார். ஸ்லாப் போடும்போது முட்டுக் கொடுக்கிற இரும்பு ஜாக்கி, தகடு, மூங்கில், இதெல்லாம். சுரங்கத்தில் யூனியனில் இருந்தவர் என்பதால் அந்த யூனியனைச் சேர்ந்த சின்னக் கட்சி அவரைத் தேடி வந்தது. தமிழர் ஓட்டு இருக்கிற தொகுதி, ஒரு தமிழ் ஆள் வேண்டும் என்றார்கள். அவரும் சரி என்றார். ஏன் என்று கேட்டேன்.

"குவாரிக்காரன் நிக்கான்லா பாய். கீழ எறங்கினவனும் ஒருத்தன் நிக்கட்டுமே."

இதை மேடையில் சொன்னால் கைதட்டல் வரும் என்றேன். மேடையில் சொல்லவே இல்லை. மேடையில் மைக் பிடித்து இருமினார், வணக்கம் சொன்னார், இறங்கினார்.

வீடு வீடாகப் போவதில் இன்னும் பெரிய தலைவலி. எங்கள் ஏரியாவில் ஒரு வீட்டுக்கு மேல் இன்னொரு தளம் போடாதவர்கள் கிடையாது. அண்ணாச்சி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், மேலே பார்ப்பார். நான் நோட்டீஸ் கொடுத்து, சின்னத்தைக் காட்டி, "மறக்காம போட்ருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தட்டிக்கொண்டிருப்பார். பிறகு இறங்கி வந்து, "இந்த மூலைல கட்டில் போடாதீங்க" என்பார். ஓட்டுக் கேட்க வந்தவன் வாயில் வருகிற பேச்சா இது? அவர் ஜாக்கி வாடகைக்கு விடுகிற ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். எலெக்ஷனைச் சாக்கு வைத்துக் கடைக்கு ஆள் பிடிக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. இலவசமாகவே தருகிறேன் என்று சொன்னார். அதன் பிறகு சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசி நம்பிக்கை ஷரீஃபுன்னிசா லாத்தா; அக்காவை நாங்கள் லாத்தா என்போம். பச்சத் கட் என்கிற மகளிர் சேமிப்புக் குழுக்கள் பதினாலு அவர் கையில். லாத்தா தலையசைத்தால் அறுநூறு ஓட்டு விழும். நான் நாலு நாள் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்தேன். தன் வீட்டு மாடியில், மகள் சாயிமாவின் கல்யாணத்துக்காகப் புதிதாக டைல்ஸ் பதித்த ஹாலில், அறுபது பெண்களைக் கூட்டி உட்கார வைத்திருந்தார். அண்ணாச்சி மேலே ஏற வேண்டும், பேச வேண்டும், அவ்வளவுதான்.

அவர் ஏறவில்லை. கீழ் அறையிலேயே நின்று மேலே பார்த்தார். ஸ்டூல் கேட்டார்.  இரண்டு தட்டு தட்டினார். பிறகு மாடிப்படி அடியில் வந்து நின்று, பத்தொன்பது வருஷத்துப் பழக்கத்தில், ஹிந்தியில் ஒரு சத்தம் போட்டார்.

"சப் பாஹர்!"

எல்லோரும் வெளியே. மேனேஜரே அடங்குகிற அந்தக் குரலுக்கு அறுபது பெண்களும் அடங்கித் தெருவில் வந்து நின்றார்கள். லாத்தா கடைசியாக வந்தார்.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"கம்பி துருவேறி ஸ்லாப்பு விட்டுப்போச்சும்மா. டைல்ஸ் பாரம் வேற. இது விழும்."

கல்யாண வீட்டில், பத்து நாளில் நிக்காஹ் இருக்கும்போது, சம்பந்தி வீட்டு ஆட்களும் நிற்கிற தெருவில், விழும் என்கிறார். லாத்தாவின் முகம் கறுத்துப்போனது. "எங்க வீட்டுக்கு நல்ல வாக்கு சொன்னீங்க, போயிட்டு வாங்க" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். அவர் இருமிக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தார். தேர்தலில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வாங்கினார். குவாரிக்காரர் ஜெயித்தார். கட்சிக்காரர்கள் போனை எடுக்கவில்லை. அண்ணாச்சிக்கு இதெல்லாம் உறைத்ததாகவே தெரியவில்லை. தினமும் லாத்தா வீட்டு வாசலில் போய் நின்று, ஆறு ஜாக்கி மட்டும் நிறுத்திக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். கல்யாண வீட்டில் முட்டுக் கொடுத்து நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று லாத்தா கதவைச் சாத்தினார்.

கல்யாணத்தன்று நிக்காஹ் பள்ளிவாசலில். பெண்கள் அறுபது பேர் மணப்பெண்ணோடு மாடி ஹாலில். எதிரே நாகூர் கனியின் பட்டறையைக் காலி செய்து சாப்பாட்டுக்குப் பாய் விரித்திருந்தோம். பந்திப் பொறுப்பு என்னுடையது. கீழ் அறையில் பாத்திரம் எடுக்கப் போனால், அண்டாக்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு அதன்மேல் அண்ணாச்சி நிற்கிறார். இரண்டு உள்ளங்கையும் கூரையில்.

"அழைக்காத வீட்ல என்ன அண்ணாச்சி இது?"

"மெதுவா பேசும். ஸ்லாப்பு சத்தம் குடுக்க ஆரம்பிச்சிட்டு. மேல உள்ளவங்கள எறக்கும் வே. ஓட விட்ராதீரும், ஓடினா மொத்தமா வந்திரும்."

அவர் தலையில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்திருந்தது.  அறுபது பெண்களிடம் வீடு விழப்போகிறது என்று சொன்னால் நடந்தா வருவார்கள்? எங்களுக்குள் நாலு பேருக்கு ஒரு சஹன். ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது. மேலே போய்ச் சிரித்த முகத்தோடு சொன்னேன்.

"சஹன் தயார். நாலு நாலு பேரா வாங்க. இந்த நாலு பேர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த நாலு பேர். டைல்ஸ் வழுக்குது, மெதுவா."

முணுமுணுத்தார்கள். ஒரு கிழவி, பந்தியில் இப்படிக் கறார் பண்ணுகிறவனை என் ஆயுசில் பார்த்ததில்லை என்றார். பண்ணினேன். நாலு நாலு பேராக, பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் கீழ் அறையைக் கடக்கும்போது அவர் கையை எடுத்துவிட்டாரா என்று பார்த்தேன். எடுக்கவில்லை. நான் படிக்கட்டிலும் தெருவிலுமாகத்தான் நின்றேன். உள்ளே போய் அவர் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியாக லாத்தாவும் சாயிமாவும் இறங்கினார்கள். அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகு அண்ணாச்சி ஸ்டூலை விட்டு இறங்கி வெளியே வந்தார்.

லாத்தா திடுக்கிட்டுப் போனார். "விழும்னு சொன்னீங்களே, அதுக்கு அடியில ஏன் நின்னீங்க?"

"மேல கால் சத்தம் இருக்குற வரைக்கும் கீழ ஒரு ஆள் கேட்டுக்கிட்டு இருக்கணும்மா. சொன்னவந்தான் நிக்கணும்."

இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது விழுந்தது. அண்டாக்கள் எல்லாம் நசுங்கிப்போயின.  பட்டறைக்குள் அழுகையும் துஆவும் சேர்ந்து எழுந்தன.

லாத்தா தன் கையாலேயே ஒரு சஹன் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.  சஹனில் அண்ணாச்சியும் நானும் மட்டும். அவர் கறியை என் பக்கம் ஒதுக்கி வைத்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நான் உங்களுக்கு ஓட்டுப் போடல."

"தெரியும் வே" என்றார். "நம்ம பூத்துல மூணுதான் விழுந்துச்சு. நான், எம் பொண்டாட்டி, எம் மச்சினன். சாப்பிடும்."