பூண்டு உரிபடாத படங்கள்

படம் பார்த்துக் கருத்துச் சொல்கிறவர்கள் பொதுவாக நட்சத்திரங்களைக் கொண்டு அளக்கிறார்கள். ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு மூன்றரை என்று. அந்த அரை நட்சத்திரத்தை எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதற்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்றதில்லை. சமயநல்லூர் பாண்டீஸ்வரியின் அளவு அப்படிப்பட்டதல்ல. அவள் பூண்டைக் கொண்டு அளந்தாள்.

அவள் கணவன் சோணைமுத்து சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தான். சாயங்காலம் அவனுடைய மொபெட்டில் பூண்டு மூட்டை வீட்டுக்கு வரும். ஒருநாள் விட்டு மறுநாள் காலையில் அது உரித்த பூண்டாக ஓட்டல்களுக்குத் திரும்பிப் போகும். மதியம் சோற்றுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பாண்டீஸ்வரி டிவி முன்னால் முறத்தோடு உட்காருவாள். படம் முடிந்ததும் உரித்ததைத் தராசில் வைப்பாள். நல்ல படமென்றால் கை தானாக நின்றுவிடும், பூண்டு உரிபடாது. மோசமான படமென்றால் கண் அதன் வேலையைப் பார்க்கும், கை அதன் வேலையைப் பார்க்கும். ஆகவே எடை ஏற ஏறப் படத்தின் தரம் இறங்கும்.

இதை அவள் ஒரு தத்துவமாகக் கண்டுபிடிக்கவில்லை. கொரோனாக் காலத்தில் ஒருநாள் பெரியப்பா மகன் அழகுபாண்டி ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, "எப்படித்தா இருக்கு?" என்று கேட்டான். "அத ஏண்ணே கேக்குற, ரெண்டு கிலோ உரிச்சுட்டேன்" என்று குரல் பதிவு அனுப்பினாள். அவன் அதை 'சொந்தபந்தம்' என்ற வாட்ஸாப் குழுவில் போட்டான். எழுபத்து மூன்று பேர் கேட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் "எம்புட்டு கிலோ?" என்று கேள்வி வந்துவிடும்.

அவளுடைய விமர்சனத்தில் சிபாரிசு செல்லாது. கதாநாயகன் முப்பது பேரை அடிக்கிற கட்டத்தில்தான் அவள் கை அதிவேகமாக ஓடும். "எப்படியும் முப்பது பேரையும் அடிச்சுத்தான தீருவான், அத நான் வேற பாக்கணுமா?" என்பாள். சீரியலில் கன்னத்தில் விழுகிற ஓர் அறையை மூன்று பக்கத்திலிருந்து காட்டி முடிப்பதற்குள் ஒரு முழுப்பூண்டு காலியாகும். அதே சமயம், தமிழில் பேசவிட்ட ஒரு கொரியாக்காரப் படத்தில், வேலையிலிருந்து வந்த ஒருத்தி ஆறிப்போன சோற்றை நின்றபடியே தின்றதைப் பார்த்துக் கை நின்று, அன்று மொத்தமே முந்நூறு கிராம்தான் உரித்தாள். சோணைமுத்து கடையில் பேச்சு வாங்கினான். கலைக்காக ஒரு குடும்பம் இதைவிட என்ன தியாகம் செய்துவிட முடியும்?

இப்படி நேர்மையாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அவளுடைய தம்பி அசோக்குமார் படம் எடுத்தான்.

சென்னையில் பன்னிரண்டு வருஷம் உதவி இயக்குநராக இருந்தவன். முதல் படம் தியேட்டருக்குப் போகாமல் நேரே செல்போனுக்கும் டிவிக்கும் வந்தது. வந்த அன்று காலை பத்து மணிக்கெல்லாம் 'சொந்தபந்தம்' குழு நிறைந்துவிட்டது. சூப்பர் மாப்ள, வேற லெவல் தம்பி, தீ, கைதட்டல், மறுபடியும் தீ. படம் இரண்டே கால் மணி நேரம். வெளியானது ஒன்பதரைக்கு. இந்தக் கணக்கை அங்கே யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நம்ம பையன் படத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? நம்ம பையன் படம்தானே!

பாண்டீஸ்வரி பார்த்தாள். மாணிக்கம் என்றொருவன் கிராமத்திலிருந்து பட்டணத்துக்குப் போகிறான். போனவன் நடக்கிறான். மழை பெய்கிறது. மழையிலும் நடக்கிறான். படம் முடிந்து அவள் தராசில் வைத்தபோது இரண்டே முக்கால் கிலோ இருந்தது. அந்த வீட்டில் எந்தப் படமும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

தராசில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தாள். தராசு யோக்கியமாகத்தான் இருந்தது. மறுநாள், தம்பிக்கு அநியாயம் செய்துவிடக் கூடாதே என்று, பூண்டை எல்லாம் அடுப்படியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தாள். கால் மணி நேரத்தில் அவள் கை அவளைக் கேட்காமலே முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தது.

அவள் கலங்கியதற்குக் காரணம் சினிமா அல்ல. அடுத்த மாதம் மகள் பவதாரிணிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டால்தான் பொண்ணு மணவறைக்கு வர முடியும். பாண்டீஸ்வரிக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். பாயசம் இரண்டாம் தடவை தன் இலைக்கு வரவில்லை என்பதற்காகப் பதினொரு வருஷம் படியேறாத தாய்மாமன் இருந்த வம்சம் அது. பன்னிரண்டு வருஷ உழைப்பை இரண்டே முக்கால் கிலோ என்று சொன்னால் என்ன ஆகும்?

"ஏங்க, என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

சோணைமுத்து மோரைக் குடித்து முடித்துவிட்டு, "எல்லாரும் சூப்பர்னுதான சொல்றாய்ங்க? நீ ஒரு சூப்பர் போட்டா வாயி தேஞ்சா போயிரும்?" என்றான்.

"நான் பாத்துட்டனே."

"அதான் தப்பு. பாக்காம இருந்துருந்தா தாராளமாச் சொல்லிருக்கலாம்ல?"

இந்தப் பதிலில் இருந்த ஞானத்தை அவள் அன்று முழுக்க யோசித்தாள். பார்க்காதவர்கள் எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள். பார்த்தவளுக்குத்தான் அன்பாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது. பார்த்தது அன்பினால்தானே என்றும் தோன்றியது. மூன்று நாள் குழுவில் வாயே திறக்கவில்லை. "ஈஸ்வரி, எம்புட்டு கிலோன்னு சொல்லலயே?" என்று அழகுபாண்டி இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

நாலாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது சோணைமுத்து ஒரு நல்ல காரியம் செய்தான். அவளுடைய செல்போனை எடுத்து, குழுவில், 'அரைக் கிலோ' என்று எழுதி அனுப்பிவிட்டான். கால் கிலோ என்று போட்டால் நம்ப மாட்டார்கள் என்கிற அளவுக்கு அவனுக்கும் விமர்சன அறிவு வந்திருந்தது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது போன் அடித்தது. அசோக்குமார்.

"அக்கா! அரைக் கிலோவா? நெசமாவா?"

பாண்டீஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டுவதில் மும்முரமாக இருந்தான். விஷயம் புரிந்துவிட்டது. 'ஆமாம்' என்ற ஒரு சொல்லில் தாய்மாமனும் மாலையும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

"சொல்லுக்கா. நீ எழுதி எல்லாம் அனுப்ப மாட்டியே, பேசித்தான அனுப்புவ?"

"ஒங்க மச்சான் போட்டுவிட்ருக்காருடா."

"அப்ப நீ எம்புட்டு?"

அவள் சுவரில் மாட்டியிருந்த கல்யாண மண்டபக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டே முக்கா, தம்பி" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. சோணைமுத்து ஒரு செருப்போடு வாசற்படியில் நின்றுவிட்டான்.

"ரெண்டே முக்காலா," என்றான் அசோக்குமார். "முழுசாவா பாத்த?"

"ரெண்டு வாட்டி பாத்தேன். மாணிக்கம் ஊருக்குத் திரும்பி வாரானா இல்லையான்னு கடைசி வர சொல்லவே இல்லயேடா."

"இங்க பாரு, எழுவது பேரு சூப்பர்னு போட்டாய்ங்க. ஒருத்தன் கூட அதக் கேக்கலக்கா." அவன் குரல் இறுகித்தான் இருந்தது. "எங்கயுமே கை நிக்கலயா?"

"ஒரு எடத்துல நின்னுச்சு. அவன் பஸ் ஏறையில அவங்காத்தா என்னமோ சொல்ல வாயத் தொறக்குதுல்ல? சொல்லாம, அவன் பையில ஜிப்ப இழுத்து விடுது, மறுபடி தொறந்து மறுபடி இழுத்து விடுது. அங்கன நின்னுச்சு. பஸ் போயும் கொஞ்ச நேரம் நான் உரிக்கல."

அசோக்குமார் திடீரென்று சிரித்தான். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பில்லை.

"அதுக்கு ஒன்றரப் பக்கம் வசனம் எழுதிக் குடுத்தேங்க்கா. அந்தம்மா மறந்துட்டுத் திருதிருன்னு முழிச்சுச்சு. வெளிச்சம் போயிருச்சுன்னு அதையே வச்சுக்கிட்டோம்."

"மிச்சத்தையும் மறந்துருக்கலாம்டா."

இனி மறைக்க ஒன்றுமில்லை. கேட்டே விடலாம் என்று, "கோவமா தம்பி?" என்றாள்.

"கோவந்தான்," என்றான். "ரெண்டு நாளைக்கு இருக்கும். பாப்பாவுக்கு மாலைக்கு யார்கிட்டயாச்சும் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லடா."

"சொல்லிராதீங்க. முதநாளே வந்து நான் கட்டி எடுத்தாரேன். மச்சான் இருக்காரா, போன அவர்ட்ட குடு."

அவள் போனை வாசற்படிப் பக்கம் நீட்டினாள். சோணைமுத்து மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தான்.