வெயில் தேடிப் போன பிள்ளை

அக்காவின் மகன் பிறந்த ஆனி மாதத்தில் அக்கரப்பத்தனையில் வெயிலே இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் ஒரு சாக்கை விரித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளைக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாக இருந்தன. பிறந்த குழந்தைகளுக்கு அது வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிப் போயும் இருக்கிறது. ஆனால் எங்கள் மலையில் அந்த மாதங்களில் மழையும் மூட்டமும் ஓயாது. மஞ்சள் போகாததற்கு அக்கா வானத்தைத்தான் திட்டினாள். "பனி விலகட்டும்டி, எல்லாம் சரியாப் போயிரும்" என்பாள். நாங்களும் நம்பினோம்.

பிள்ளை நன்றாகப் பால் குடித்தான், சிரித்தான். சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாகத்தான் வெளிக்குப் போவான். துணியில் கறையே பிடிக்காது. மலையிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீரில் துவைக்கும்போது பக்கத்து லயத்துப் பெண்கள், "ஆத்தாளுக்கு வேலையே வைக்காத புள்ள" என்று கேலி செய்வார்கள். அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போகவேண்டிய நாளில் மண் சரிந்து பாதை அடைபட்டது. அப்புறம் போகலாம் என்று விட்டுவிட்டோம்.

மழை விடுவதாக இல்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று, வவுனியாவில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். அங்கே வேண்டிய மட்டும் வெயில் அடித்தது. பிள்ளையின் மஞ்சளில் பச்சை கலந்தது, வயிறு உப்பியது. விட்டுப்போன தடுப்பூசியைப் போடப் போன இடத்தில் ஒரு தாதி அவன் துணியை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. அன்றே எங்களைக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே இருந்த அந்த டாக்டர் நல்லவர். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் பிறவியிலேயே அடைத்திருக்கிறது. மலம் வெளுத்தது அதனால்தான். இரண்டு மாதத்துக்குள் வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கலாம். இப்போது ஈரல் கெட்டுவிட்டது, இன்னொருவர் ஈரலில் ஒரு துண்டை வைத்தால்தான் உண்டு. "என்னோடத எடுத்துக்கச் சொல்லு" என்றாள் அக்கா. அதைத் தாங்கும் நிலையில் பிள்ளை இல்லை என்பதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அப்படி ஒரு வேலை என் எதிரிக்கும் வரக்கூடாது.

அக்கா அழவில்லை. ஒன்று மட்டும் கேட்கச் சொன்னாள். "வெயிலு உள்ள ஊர்ல பொறந்திருந்தா பொழைச்சிருப்பானா?" வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். தைப்பொங்கலுக்கு முன்பே பிள்ளை போய்விட்டான்.

போன மாதம் எனக்கு மகள் பிறந்தாள். பார்க்க வந்த அக்கா, முகத்தைக்கூடப் பார்க்காமல் முதலில் அவள் துணியை அவிழ்த்தாள். "நல்ல மஞ்சளாப் போயிருக்குடி" என்றாள். பிறகு அந்த அழுக்குத் துணியை, நான் எவ்வளவு கேட்டும் கொடுக்காமல், கையில் பிடித்துக்கொண்டே அழுதாள்.