ஆணியில் மாட்டிய புடலங்காய் நோட்டு

புது வருஷம் பிறந்தால் சிலர் புகையிலையை விடுவார்கள். நான் ஒரு ஜனவரி முதல் தேதி, தினமும் தோட்டக் குறிப்பு எழுதுவதென்று சபதம் செய்தேன். தோட்டத்தின் மீது அக்கறை கொஞ்சம். பக்கத்து வீட்டுக்காரர் மீது ஆத்திரம் நிறைய.

ஜெலுத்தோங் என்ற கடலோர ஊரில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலிதான். அவர் எங்கள் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; நான் சின்னக் கிராணி. அவருக்குப் புடலை விதை கொடுத்தது நான். என்றைக்கு ஊன்றுவது, என்ன எரு போடுவது, காய் நேராக நீள நுனியில் எப்போது கல் கட்டுவது என்று வேலியோரம் நின்று சொன்னதும் நான்தான். சபதத்துக்கு முந்தின வருஷத் தோட்டக் காட்சிப் போட்டியில், "எப்படி வளர்த்தாய்?" என்று பரிசு கொடுக்கும் வெள்ளைக்காரத் துரை கேட்டபோது நான் திருதிருவென்று விழித்தேன். அவரோ ஒரு நோட்டைத் திறந்து, நான் சொன்னதையெல்லாம் தேதிவாரியாக இங்கிலீஷில் வாசித்தார். என் காய் நாலு விரற்கடை நீளம் அதிகம். பரிசு அவருக்குப் போயிற்று.

ஆகவே நானும் நோட்டு வாங்கினேன். ஊன்றிய நாள், எரு, மழை, கல்லின் அளவு எதையும் விடுவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதினேன். அவரை மண்ணைக் கவ்வவைப்பது என்ற இலக்கை மட்டும் எழுதவில்லை. நோட்டைப் பந்தல்காலில் ஓர் ஆணியில் மாட்டினேன்.

மாசி வாக்கில் பக்கங்களுக்கு நடுவே மூக்குப்பொடி கிடந்தது. என் வீட்டில் பொடி போடுகிறவர் யாருமில்லை. பெரிய கிராணி போடுவார்.

எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அன்று முதல் பொய் எழுதினேன். மூன்று நாளைக்கு ஒரு முறை வேருக்குக் கடல் தண்ணீர். பிஞ்சு ஒரு சாண் வந்ததுமே கைப்பிடி அளவுக் கல். உண்மையை வேறொரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பொய் எழுதவே நேரம் சரியாக இருந்தது.

அவர் வாளியோடு கடற்கரைக்குப் போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். அந்த நாட்களில் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. அவர் கொடி கருகியது. மிஞ்சிய பிஞ்சுகள் கல்லோடு அறுந்து விழுந்தன.

"என்ன தம்பி, ஒன் கொடி மட்டும் இப்படிக் காய்க்குது?"

"எல்லாம் கைராசி லா, அண்ணே."

அவர் என் பந்தலையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

காட்சியில் என் காய் ஆளுயரம் இருந்தது. துரை குறிப்பு கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன்.

"ஆணியிலயே விட்டுட்டு வந்துட்டியே தம்பி, நான் எடுத்தாந்துட்டேன்" என்று பெரிய கிராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

துரைக்குத் தமிழ் தெரியாது. பெரிய கிராணியே இங்கிலீஷில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கடல் தண்ணீர் வந்த இடத்தில் துரை போதும் என்று கையைக் காட்டினார். இப்படி வளர்த்த கொடி செத்திருக்கும், இந்தக் காய் பசாரில் வாங்கியது என்று சொல்லி என் போட்டிச் சீட்டைக் கிழித்தார். இல்லை, நான் வளர்த்ததுதான் என்று சொன்னால், எழுதியது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏன் எழுதினேன் என்றும் சொல்ல வேண்டும். பெரிய கிராணி பக்கத்தில் நின்று நிதானமாகப் பொடி போட்டார்.

"தன் வினை தன்னைச் சுடும்" என்றாள் என் மனைவி. நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த ஜனவரியில் இரண்டு நோட்டு வாங்கினேன். உண்மைக்கு ஒன்று, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பொய்க்கு ஒன்று; அதை ஆணியில் மாட்டி, வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் எழுதினேன். அதில் ஒரு சிட்டிகை பொடிகூட விழவில்லை. டிசம்பரில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உண்மை நோட்டு ஜனவரி மூன்றாம் தேதியோடு நின்றிருந்தது.