வண்டியின் அடிவயிறு

என் வீட்டுக்காரர் பள்ளிப் பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்குகிறவர். பதினோரு வருடமாக அதே கார். முதுகுவலி, முழங்கால்வலி எல்லாம் அந்தக் காரோடு சேர்ந்து வந்தவைதான். ஞாயிற்றுக்கிழமையாவது படுப்பார் என்று பார்த்தால், மறுநாள் காலை வண்டிக்கு வருடாந்திரப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் கார் ஓடாது. கார் ஓடாவிட்டால் எங்கள் வீடும் ஓடாது.

இந்த வருடம் எஞ்சினோடு அடிப்பக்கமும் பளிச்சென்று இருக்கணுமாம். எஞ்சின் ஆறும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஃபியூஸ் பெட்டி, டைனமோ, காற்று இழுக்கும் குழாய், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினார்.

"குளிக்கப் போறது எஞ்சினா, கல்யாணப் பொண்ணா?" என்றேன்.

"கரண்டு போற எடத்துல தண்ணி பூந்துச்சுன்னா நாளைக்கு நீதான் தள்ளணும்." சிரிக்கத் தெம்பில்லை அவருக்கு.

சோப்புக் கரைசலைத் தெளித்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சாமல் மெல்ல விட்டுக் கழுவினார். அதற்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அடிப்பக்கம்தான் ஆளைக் கொல்கிற வேலை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் உட்கார வைத்து, காரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். சாவியை என்னிடம் கொடுத்தார். அவர் அடியில் இருக்கும்போது சாவி என் கையில்தான் இருக்கணும், எங்கள் வீட்டுச் சட்டம். முனகிக்கொண்டே மல்லாந்து உள்ளே போனார்.

அவரோடு ஓட்டுகிற டிரைவர்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை: அடியில் அப்பிய மண் வண்டிக்குக் கவசம், அதைச் சுரண்டக்கூடாது. இவரும் பதினோரு வருடமாகச் சுரண்டியதில்லை. இன்றுதான் கொத்துக்கரண்டியை எடுத்தார். கல்லாகிப் போன மண் கட்டி கட்டியாக விழுந்தது. திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

"பின்கதவைத் திற. கீழ இருக்கிற கால்மிதியைத் தூக்கிப் பாரு."

தூக்கினேன். தரைத் தகட்டில் விழுந்திருந்த ஓட்டை வழியாக அவருடைய விரல் நீட்டிக்கொண்டிருந்தது. கவசம் என்று விட்டு வைத்த மண், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றிருக்கிறது.

என் தம்பி மெக்கானிக். அவனுக்குப் போன் போட்டோம்.

"ஒரு தகட்டை ஒட்டி மேல கறுப்பு பெயின்ட் அடிச்சிடுங்க மாமா. யாருக்குத் தெரியப்போவுது?"

"சீட் போல்ட் பிடிச்சிருக்கிற எடமே உதிருதுடா மச்சான்."

"அப்ப வெட்டி மாத்தணும். ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம் எந்தப் பெற்றோர் காத்திருப்பார்கள்? வேறு வண்டிக்குப் போனவர்கள் திரும்பி வரவா போகிறார்கள்? நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "பெயின்டே அடிங்க. பரிசோதனை முடியட்டும், மெல்லப் பாத்துக்கலாம்" என்றேன். பயம்தான், வேறென்ன.

அவர் கோபப்படவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சரி. அந்த சீட்டுல எந்தப் பிள்ளைய உட்கார வைக்கட்டும்? நீயே சொல்லு."

காரில் வருகிற ஆறு பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஏறியதுமே தூங்குகிறவன், சாப்பாட்டு டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவள், ஜன்னலுக்குச் சண்டை போடுகிற இரட்டையர். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். போனை அவர் கையில் கொடுத்தேன்.

"நாளையிலருந்து நம்ம வண்டி வராதும்மா, வேற பாத்துக்கோங்க" என்றார். அதையே ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னார்.